வம்சாவளியில் இல்லாத பெண்
நாடு கடத்தப்பட்டு, அன்றைய பிரெஞ்சுப் புதுச்சேரியில் தஞ்சம் புகுந்த ஒரு ராஜாவின் வாரிசுகள் நாங்கள். போன ஆண்டு கருவடிக்குப்பம் வீட்டுக் கூடத்தில் பெரியப்பா எங்கள் வம்சாவளியை வரைந்தார். உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் அலைந்து, பெயர்களைத் திரட்டிக் கொடுத்தவள் நான். அதில் என் பெயர் இல்லை.

“நீ கட்டிக்குடுத்த பொண்ணும்மா. இப்ப வேற வம்சம்,” என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “ராஜாவுக்கு ஆம்பளப் புள்ளையே இல்லியே! அவரோட இங்க வந்தது ஒரே பொண்ணு. அவங்களும் கட்டிக்குடுத்தவங்கதான். அப்ப நீங்க எந்த வம்சம், பெரிப்பா?”

“அவங்க ராஜா பெத்த பொண்ணு.”

“நான் யாரு பெத்த பொண்ணு?”

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பா மேல் இருந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அப்பா மேல் இருப்பது ஆறவே இல்லை.