பேய்ப் படத்துக்கு மூன்று மார்க்

ஓர் இசையமைப்பாளரின் அதிகம் பேசப்படாத படங்களுக்கு யூடியூபில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் என் பேச்சை யாரும் மறுத்ததில்லை.

காரமடைக்குப் பெண் பார்க்கப் போனோம். தனியாகப் பேச விட்டதும் அவள் கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் பேய்ப் படத்துப் பின்னணி இசைக்கு மூணு மார்க் போட்டது நீங்கதானுங்களே? படம் முழுசா பாத்தீங்களா?"

அவளை எனக்குப் பிடித்திருந்தது. 'பார்த்தேன்' என்றால் அடுத்த கேள்வியில் மாட்டுவேன். 'இல்லை' என்றால் சம்பந்தமே போய்விடும்.

"இல்லீங்க. பாட்டு மட்டுந்தான் கேட்டேன். மிச்சத்தை அடிச்சு உட்டுப்போட்டேனுங்க."

"நானும் பாக்கலீங்க," என்றாள். "பொய் சொல்றீங்களான்னு பாத்தேன்."

கல்யாணமாகி அந்தப் படத்தை இருவரும் கடைசி வரை பார்த்தோம். ஏழு மார்க் போட்டேன். அன்று 'பார்த்தேன்' என்று சொல்லியிருந்தால்?