அடுப்பு மூட்டாத வெள்ளிக்கிழமை

ஷார்ஜா கேம்ப்பில் சோலையப்பனைத் தெரியாதவன் சோறு தின்னாதவனாகத்தான் இருக்க வேண்டும். சாயல்குடிப் பக்கத்துக்காரர், கேம்ப் சமையல்காரர். வெள்ளிக்கிழமை விடுமுறையில் கிரேன் ஓட்டும் பொன்னுச்சாமி ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மலைப் பள்ளத்தாக்குகளில் நடக்கக் கிளம்புவான். சோலையப்பனும் கூடவே போவார். போய் என்ன செய்வார்? பிக்கப் வண்டியோரம் அடுப்பை மூட்டி, அண்டாவுக்குக் காவல் இருப்பார். மற்றவர்கள் மேலே போய்ச் சுனையில் குளித்துவிட்டுப் பசியோடு இறங்குவார்கள். தட்டை நீட்டிக்கொண்டே, கண்டதையெல்லாம் அளந்து விடுவார்கள். இவர் குழம்பை ஊற்றியபடி "அப்படியா" என்பார்.

ஒரு தடவையாவது தானும் மேலே போய்விட வேண்டுமென்று மனுஷனுக்குக் கொள்ளை ஆசை. வாயைத் திறந்து கேட்டால்தானே? சமையல்காரன் அடுப்பை விட்டு நகரக் கூடாது என்று தானாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். அவனவன் வயிறு நிறைந்தால் போதும் என்றிருந்த மற்றவர்களுக்கும் அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை.

எண்பத்தாறு ஜனவரியில் ராஸ் அல் கைமா பக்கம் ஒரு பள்ளத்தாக்குக்குப் போனார்கள். முந்தின கோடையில் தீப்பிடித்த இடம். பேரீச்சை மரங்கள் கரிக்கட்டையாக நின்றன. ஆனால் உச்சியில் பச்சை ஓலை விட்டிருந்தது. ஓடைக்கரையில் நாணல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அண்டாவை இறக்கும்போதே தோட்டக்கார அரபி கைத்தடியோடு வந்து அடுப்பைக் காட்டினார்.

"நார் மாஃபி," என்றார். நெருப்பு கூடாது. ஒருமுறை வெந்தவர், வேறென்ன சொல்வார்?

"சரி விடுங்க, அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருவோம். அங்க ஆக்கிக்கிரலாம்," என்றான் பொன்னுச்சாமி.

அடுப்பு இல்லையென்றால் சோலையப்பனுக்குக் காவல் வேலையும் இல்லை. வராமல் வந்த வாய்ப்பு, இதையும் விட்டால் அவ்வளவுதான்.

"எங்கயும் போக வேணாம்ப்பா. கறி ஐஸ்லதான கெடக்கு, ராத்திரி கேம்ப்ல ஆக்கித் தாரேன். இப்ப எல்லாருக்கும் குபூஸ் ரொட்டியும் வாழைப்பழமுந்தான்." அண்டா மூடியை அழுத்தி மூடினார். "நானும் நடக்க வாரேன்."

"நீங்களாண்ணே?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா?"

அடுப்பு மூட்டப் போவதில்லை என்று புரிந்ததும் அரபிக்கு மனசு குளிர்ந்து போயிற்று. ஒரு பை பேரீச்சம்பழம் கொடுத்து, புதுக் குருத்தை மிதிக்காமல் கல் மேலேயே நடக்கும்படி சைகை காட்டினார். சோலையப்பன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு கல்லுக்குக் கல் தாவினார். மூச்சு வாங்கியது, இரண்டு தடவை சறுக்கியும் விழுந்தார். திரும்பலாமா என்று கேட்டவர்களை முறைத்தார்.

ஒரு வழியாகச் சுனை வந்தது. இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே, அடியில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் தெரியும் தண்ணீர். கரையில் கருகிப்போன அரளிப் புதர் வேரிலிருந்து புதிதாகத் தளிர்த்திருந்தது. சோலையப்பன் சட்டையைக்கூடக் கழற்றாமல் இடுப்பளவு இறங்கி நின்றார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. பிக்கப் ஓட்டும் கௌஸ் முகைதீன் குபூஸைப் பிட்டு, முதல் துண்டை அவரிடம் நீட்டினான்.

"எப்படிண்ணே இருக்கு?"

சோலையப்பன் மென்று விழுங்கினார். பாறையை அண்ணாந்து பார்த்தார்.

"இத்தன வருசமா வந்து வந்து கத சொன்னீங்களேடா," என்றார். "ஒண்ணுமே சொல்லலையே நீங்க."