வத்தலக்குண்டு சவரிமுத்து

உபதேசியார் வேலைக்கு நல்ல தொண்டை வேண்டும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். ஞாபகசக்தியும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் நின்று நல்லது சொல்லிப் பிழைக்கும் பிரசங்கிமார்களே, வாத்தியார்களே, இது உங்களுக்கும் நடந்திருக்கும். ஒப்புக்கொள்ளத்தான் மாட்டீர்கள்.

அவர் பிறந்தது

ஐம்பதுகளின் நடுவில் வடமதுரைப் பக்கம் ஒரு கிராமத்து மாதா கோயிலில் உபதேசியாராக இருந்தேன். பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் செபமும் பிரசங்கமும் என் தலையில். நான் வாயைத் திறந்ததும் ஆண்கள் பீடி பிடிக்க வெளியே போய்விடுவார்கள். பெண்கள் உள்ளேயே தூங்குவார்கள்.

ஒரு ஞாயிறு, பொய் சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்தவன், பொறுக்கமாட்டாமல் "வத்தலக்குண்டுல சவரிமுத்துன்னு ஒருத்தர்" என்று ஆரம்பித்துவிட்டேன். அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது. வாழைக்காய் மண்டிக்காரர், எடையில் பொய் சொன்னார், வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மனம் திரும்பிச் செபித்தார், ஒன்பதாம் நாள் கை எழுந்துவிட்டது, மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. வத்தலக்குண்டை ஏன் பிடித்தேன் என்றால், எங்கள் ஊரிலிருந்து பஸ் மாறிப் போகவேண்டும்; யாரும் போகமாட்டார்கள். கோயிலில் ஒரு கண்ணும் மூடவில்லை. பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்த ஆரோக்கியம் என்பவர், முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்குத்தான் உபதேசியாரே, நீங்க பேசுனது காதுல ஏறுச்சு."

அவர் வளர்ந்தது

அதன்பிறகு எல்லாப் புத்திமதிக்கும் சவரிமுத்துவே வந்தார். குடியை விட்டார். பங்காளியோடு ராசியானார். தவக்காலத்தில், என் மறதியால், விழுந்த கை இடது கையானது. யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் காதர் பாய். திண்டுக்கல்லிலிருந்து தோல் வாங்க வருகிறவர், கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து என் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறார். "வத்தலக்குண்டுக்கு நான் வாராவாரம் போறேன். உங்க ஆளு மண்டி எந்தப் பக்கம்?" என்றார். அவர் வியாபாரமாகக் கொடைக்கானல் ஏறிவிட்டார் என்றேன். பாய் விடவில்லை. "தோலுக்கு உப்புப் போட்டாத்தான் நிக்கும். அதுக்காக உப்பையே தோலுன்னு விக்க முடியுமா, உபதேசியாரே?"

அவரைத் தேடிப் போனது

எங்கள் ஊர் லூர்தம்மாளின் புருஷன் மரியசூசைக்கு வாதத்தில் வலது கையும் காலும் விழுந்திருந்தன. புதன்கிழமைதோறும் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். புருஷனைக் கூட்டிக்கொண்டு, கட்டுச்சோற்றோடு, வத்தலக்குண்டுக்குப் போய் வந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து மண்டி மண்டியாகக் கேட்டிருக்கிறாள். மருந்தில்லாமல் எழுந்த கையைப் புருஷன் ஒருதரம் பார்த்துவிட்டால் அவருக்கும் தெம்பு வரும் என்று நினைத்தாளாம். ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

என்மேல் அவளுக்குக் கோபமில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "சந்தைக் கூட்டத்துல எனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியல. அடுத்த தடவ நீங்க கூட வந்து காட்டிருங்க, உபதேசியாரே."

அவரை என்ன செய்வது

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. விடிந்ததும் சைக்கிளை மிதித்துச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் காதில் போட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. மன்னிப்புக் கொடுத்தார். நான் எழுந்திருக்கும்போது, "இரும்" என்றார். "என் காதிலே சொன்னா உம்ம பாவம் போகும். அந்தப் பொம்பளை காதிலே இருக்கிற சவரிமுத்து எப்படிப் போவான்?"

அவரை அடக்கம் செய்தது

அன்று காலைச் செபத்துக்கே திரும்பி வந்து, பீடத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். வத்தலக்குண்டில் சவரிமுத்து இல்லை, கை விழவுமில்லை, எழவுமில்லை, எல்லாம் நான் கட்டிய கதை. அன்றும் யாரும் தூங்கவில்லை. ஆரோக்கியம் மட்டும் மெதுவாக, "நல்ல மனுசன்" என்று பெருமூச்சு விட்டார்.

லூர்தம்மாள் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போனபிறகு கிட்டே வந்தாள். கூசிப்போய் நின்றேன். மருந்தை விட்டதற்கு டாக்டர் என்ன சொல்வாரோ என்று நான் ஏதோ உளற ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "புதன்கிழம ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவர பஸ்ஸுல ஏத்த ரெண்டு ஆளு வேணும். ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கிருவேன். இன்னொரு பக்கம் யாரு, சவரிமுத்துவா வந்து பிடிப்பாரு?"

நான் பிடித்தேன், ஒரு வருஷத்துக்குக் குறையாமல். மரியசூசையின் கை நெஞ்சுவரை ஏறியது. சிலுவை போட நெற்றிவரை போகவில்லை. அதையும் ஒரு ஞாயிறு உள்ளது உள்ளபடியே சொன்னேன். பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.

நிஜத்தை மட்டும் பேசுவது என்று வைத்தபிறகு என் பிரசங்கம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடியதில்லை. ஒரு பீடியை முழுசாகப் பிடிக்க முடியவில்லை என்பது ஒன்றுதான் ஊரார் என்மேல் வைத்த புகார்.