கோச்சும் கோச்சுக்கிட்டவளும்

ரக்பி மைதானத்தில் அவளுக்குப் பட்டப்பேர் பீரோ. நாலு பேர் சேர்ந்து முட்டினாலும் இம்மி நகரமாட்டாள். பத்துப் பதினோரு வருஷம் நாட்டுக்காக ஆடினாள். கடைசியில் முழங்கால் மக்கர் பண்ணியது. "இனிமே ஓடினீங்கன்னா நடக்கறதும் போயிடும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அதன்பிறகு பகலில் டயர் கடையில் சூப்பர்வைசர், சாயங்காலம் பள்ளிப் பெண்களுக்குக் கோச். அந்தப் பெண்கள் அடுத்தடுத்துக் கோப்பைகளைத் தட்டிக்கொண்டு வரவே, தேசிய மகளிர் அணியையே அவள் தலையில் கட்டியது ரக்பி சங்கம். வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. தங்கைக்குக் கேட்கவே வேண்டாம். அவளும் அந்த அணியில்தான் ஆடிக்கொண்டிருந்தாள்.

"அக்காவே கோச். இனிமே என்னை யாரு அசைக்க முடியும்?"

அங்கேதான் வந்தது வினை. பந்தோடு ஓடுவதில் தங்கை புலி. பந்தோடு வருகிறவளை மடக்கிப் பிடிக்கச் சொன்னால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அக்காவுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். முதல் போட்டிக்கு அணியை அறிவித்தபோது தங்கைக்கு அதில் இடமில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை வெடித்தாள். "நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"வீட்டுலதான் அக்கா. அங்க கோச்."

அன்றோடு பேச்சு நின்றது. "அம்மா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று எல்லாம் அம்மா வழியாகத்தான்.

"ஒருத்தி கோச், இன்னொருத்தி கோச்சுக்கிட்டா. நடுவுல நான் என்ன பந்தா?" என்றாள் அம்மா.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பீரோ அழுதாள். சிவந்த கண்ணோடு வெளியே வந்து, "சோப்பு பட்டுடுச்சு" என்றாள்.

போட்டியில் தோல்விதான். ஆனால் போன தடவை தங்களை ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் துவைத்துக் காயப்போட்ட அதே அணியிடம் இந்த முறை மூன்றே புள்ளியில் தோற்றார்கள். பார்வையாளர் பக்கம் ஒரு தொண்டை மட்டும் கடைசிவரை கிழிந்துகொண்டிருந்தது. "இடுப்பைப் பிடிடி! விடாதே!" திரும்பிப் பார்த்தால் தங்கை.

மறுநாள் பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"மடக்கறதுக்குக் கத்துக்கொடு. திட்டாம கத்துக்கொடு."

"திட்டாம எனக்கு வராதே."

"சரி, கொஞ்சமா திட்டு."

அடுத்த போட்டியிலும் அவள் வெளியேதான். மூன்றாவதில் இறங்கினாள். ஆட்டம் முடியும் நேரம் எதிரணியில் மலைமாதிரி ஒருத்தி பந்தோடு எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்ந்து வந்தாள். தங்கை இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே பாய்ந்து, இடுப்பை வளைத்துச் சாய்த்தாள். உதடு கிழிந்தது, ஆட்டம் கைக்கு வந்தது. பீரோவின் அணிக்கு அதுதான் முதல் வெற்றி.

வீட்டில் கோச்சுக்கு மாலையா கிடைத்தது? வீங்கிய உதட்டைப் பார்த்த அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பொண்ணை முழுசா கூட்டிட்டுப் போனா முழுசா கூட்டிட்டு வரத் தெரியாதா உனக்கு?"

தங்கை சிரிக்கப் பார்த்தாள். உதடு இடம் கொடுக்கவில்லை.