மாமனாருக்கு வாங்கிய தூண்டில்

என் மாமனார் தூத்துக்குடிப் பக்கம் கடல்தொழில் பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு படகேற முடியவில்லை. பேச்சும் குழறியது. அதைவிட எங்களை வாட்டியது அவருடைய புதுச் சாதுத்தனம். முன்பெல்லாம் அவர் கோபப்பட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இப்போது ஆறிப்போன கஞ்சியைக் கொடுத்தாலும் "நல்லாருக்கும்மா" என்பார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பழைய மனிதர் திரும்பினால் போதும் என்றிருந்தது.

கரையில் உட்கார்ந்தாவது மீன் பிடிக்கட்டும் என்று நானும் கணவரும் ஓசூரில் தூண்டில் வாங்கப் போனோம். கணவர் பதினெட்டு வயதிலேயே கம்பெனி வேலைக்கு இங்கே வந்துவிட்டவர், ரீல் வைத்த தூண்டிலைத் தொட்டதே இல்லை. எனக்கோ பாரூர் ஏரியில் மூங்கில் குச்சி பிடித்த அனுபவம்தான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேனா? கம்பெனியில் பாகங்களைச் சோதித்துப் பழுதானதைத் தள்ளுகிற வேலை எனக்கு. எதை எடுத்தாலும் ஆட்டிப் பார்க்காமல் விடமாட்டேன்.

கடைக்காரர் கன்னடக்காரர். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத ரீல்களும், மடக்கிப் பஸ்ஸில் கொண்டுபோகிற பத்தடிக் கம்பும் எடுத்துக் காட்டினார். ஒரு கைதான் வேலை செய்யும் என்றதும் மணலில் குத்துகிற குழாய் ஒன்றையும் தந்தார். கம்பை அதில் நிறுத்திவிட்டு இடது கையால் ரீலைச் சுற்றினால் போதுமாம். எல்லாம் சரி. ஆனால் தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்தால் ரீல் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"இது லூசா இருக்குது. வேற குடுங்க" என்றேன். அடுத்ததும் வழுக்கியது. மூன்றாவதையும் தள்ளினேன்.

"அது அப்டித்தாம்மா இருக்கணும்" என்றார் அவர்.

பழுதை மறைக்க இப்படி எத்தனை பேர் என்னிடம் கதை விட்டிருப்பார்கள்! ரீலின் முன்பக்கம் ஒரு திருகு இருப்பதைக் கடைசியில் நானே கண்டுபிடித்தேன். அந்த ரீலையே வாங்கி, வீட்டுக்கு வந்ததும் திருகை முழுசாக முறுக்கினேன். நரம்பு ஒரு நூல்கூட நகரவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போனோம். மாமனாரைக் கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கணவர் தூண்டிலை வீசினார். அரைமணி நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று கம்பு வளைந்தது. மாமனார் இடது கையை நீட்டுவதற்குள் நரம்பு படீரென்று அறுந்தது.

"பரவால்லப்பா" என்று கணவர் ஓடினார். மாமனார் மிச்சமிருந்த நரம்பை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. திருகைத் தடவினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த மூதி இத இப்படி முறுக்கி வச்சுது?"

வார்த்தை குழறியது. ஆனால் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

"நான்தான் மாமா."

"ஏட்டி, அறிவிருக்கா ஒனக்கு? மீன் இழுத்தா நரம்பு ஓட வேண்டாமா?"

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டி முடித்துத் திருகைத் தளர்த்தியவர், வேறு தூண்டில்முள் கட்டும்படி மகனை விரட்டினார். முடிச்சு சரியில்லை என்று அவருக்கும் திட்டு விழுந்தது. மணலில் குனிந்திருந்த கணவரால் முடிச்சைப் போடவே முடியவில்லை. அழுதுகொண்டிருந்தார்.