பங்களாப் புல்லில் விழுந்த வட்டங்கள்

தோட்டக்காரன் தேசப்பனுக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் போதும், சோறு தண்ணீர் இறங்காது. 1956 மார்கழியில் அது வந்தது. திருவள்ளூர் எஞ்சினியர் பங்களாவின் புல்தரையில் சாசர் அகலத்துக்கு வட்டம் வட்டமாகப் புல் வெளுத்துக் காய்ந்தது. நேற்று மூன்று, இன்று ஏழு.

யாரோ கொதிக்கிற கஞ்சியை ஊற்றுகிறார்கள். யாரோ என்ன யாரோ! சமையற்காரன் அப்துல் வஹாப்தான். தன் மச்சானுக்குத் தோட்ட வேலை கேட்டு அலைந்தவன் அவன்தானே? பத்து வருஷமாகத் தினம் காலையில் டீ கொடுத்த கை என்றுகூடப் பார்க்காமல், எஞ்சினியரிடம் போய் வத்தி வைத்துவிட்டான் தேசப்பன்.

"சனிக்கிழமையோட வஹாபை நிறுத்திடறேன்," என்றார் அவர்.

கையும் களவுமாகப் பிடித்தால் இன்னும் நல்லது என்று வெள்ளிக்கிழமை விடியலில் வேலிச்செடிக்குப் பின்னால் பதுங்கினான். வந்தான் வஹாப். வட்டத்தருகே குந்தினான்.

"கையில இன்னாடா?" என்று பாய்ந்தான் தேசப்பன்.

"ஒண்ணுமில்ல. நீதான் இன்னாத்தையோ ஊத்திட்டு எம்மேல பழி போடறேன்னு பாக்க வந்தேன். இத பாரு."

பனி ஈரத்தில், வட்டத்தின் ஓரமெல்லாம் சிலந்தி வலை போல வெள்ளை நூல். வெயில் ஏறியதும் அது மாயமாக மறைந்தது. இது பூஞ்சணம்! கஞ்சி ஊற்றினால் நூல் விடுமா?

நெல் வயலில் கூலி வேலை பார்த்த பழக்கம். சாயங்காலம் தண்ணீர் கட்டினால்தான் அவனுக்கு மனசு ஆறும். புல் ராத்திரி பூரா நனைந்து கிடந்தது. காலை ஈரத்தோடு வெட்டு மிஷினைத் தள்ளி, சீக்கை ஒரு வட்டத்திலிருந்து அடுத்த இடத்துக்கு இழுத்துப் போனவனும் அவனேதான். சீ!

சொன்னால் தன் வேலை போகும். வாயை மூடிக்கொண்டால் வஹாப் போவான். அன்று முழுக்க மூடிக்கொண்டுதான் இருந்தான். சனிக்கிழமை வஹாப் படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டுவதைப் பார்த்ததும் தாங்கவில்லை.

"ஐயா, ஊத்துனது நான்தான். கஞ்சி இல்ல, தண்ணி."

எஞ்சினியர் வாய்க்கு வந்தபடி திட்டினார், இருவரையும் விட்டுவைத்தார். அதற்கப்புறம் வெயில் வந்த பிறகுதான் தண்ணீர். விடியலில் புல்மேல் நீள மூங்கிலை இழுத்துப் பனியை உதறினான். புல் காய்ந்த பிறகே வெட்டினான், மிஷின் பிளேடைக் கழுவினான். பங்குனிக்குள் வட்டங்கள் மூடிவிட்டன.

வஹாப் காலை டீயை நிறுத்தவில்லை. ஆனால் தினமும் தேசப்பனின் குவளையிலிருந்து சாசரில் கொஞ்சம் ஊற்றி, அவன் கண்ணெதிரிலேயே முதலில் தான் குடித்துக் காட்டிவிட்டுத்தான் மீதியைக் கொடுத்தான்.