மீனாட்சிபுரத்து வீடும் பொள்ளாச்சி மாடிப்படியும்

ரிப்பேர் வேலையெல்லாம் முடிந்து, மேஸ்திரி சாமான்களைக் கட்டிக்கொண்டு போன மறுநாள் காலையில், வீடு வாங்க இருந்த செல்வியிடமிருந்து போன் வந்தது.

"மேடம், அந்தம்மா வீட்ட விக்க மாட்டேன்னு சொல்லுதாக. நீங்க கொஞ்சம் வாங்க மேடம்."

தோசைக்கல் அடுப்பில் இருந்தது. அணைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பஞ்சாயத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதன் பிறகு, பொள்ளாச்சிக்கு மேற்கே மாநில எல்லையைத் தாண்டினால் வரும் சித்தூர் சுற்றுவட்டாரத்தில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்காக வீட்டைப் பரிசோதித்துச் சொல்வதைத் தொழிலாக வைத்துக்கொண்டேன். தளம், சுவர், வயரிங், கிணறு, செப்டிக் டேங்க் எல்லாம் பார்ப்பேன். பார்ப்பது சுலபம். பார்த்ததை விற்கிறவர் முகத்துக்கு நேரே சொல்லி, அவர் செலவிலேயே சரிசெய்ய வைப்பது வேறு வித்தை. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக மீனாட்சிபுரத்து வீட்டின் கதையை எழுதுகிறேன்.

1. தட்டிப் பார்த்த நாள்

செல்வி சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்து வளர்ந்தது இடுக்கியில், ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில். லயம் என்றால் தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீடு. வேலை இருக்கும்வரை இருக்கலாம்.

"அப்பாவுக்கு சர்வீஸ் முடியப் போகுது மேடம். முடிஞ்சா லயத்தக் காலி பண்ணிக் கொடுத்துட்டு எறங்கணும். அவுகளுக்குன்னு வேற வீடு கெடையாது. வந்து எறங்குத அன்னைக்கு வீடு குடியிருக்க லாயக்கா இருக்கணும். எனக்கு ஷிப்ட்டு டூட்டி. கொத்தனார் பின்னாடி அலைய முடியாது."

அதனால்தான் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட, ரிப்பேர் செய்து தரச் சொல்லிக் கேட்பது அவளுக்கு நல்லது என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்காரர் பொன்னுச்சாமி. மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர். முழங்கால் ஒத்துழைக்காமல் போகவே மாடுகளை விற்றுவிட்டார். வீட்டையும் விற்றுவிட்டுப் பொள்ளாச்சியில் மகனோடு போய் இருப்பதாகத் திட்டம். அந்த வீட்டைத் தானே நின்று கட்டியவர் என்பதால் நான் சுத்தியல் காம்பால் சுவரைத் தட்டுகிறபோதெல்லாம் அவருக்கே அடி விழுவதுபோல முகம் சுருங்கியது.

அடுக்களையின் மேல்தளத்துக்கு வாட்டமே, அதாவது தண்ணீர் வடியும் சரிவே, இல்லை. மழைத்தண்ணீர் ஓட வழியின்றித் தேங்கி, கீழே இறங்கியிருந்தது. பக்கத்து ஸ்டோர் ரூமுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தட்டினால், ஈரத்தில் ஊதிய பூச்சு பொத்துப் பொத்தென்றது. வெளியே ஒரு சன்ஷேடில் கான்கிரீட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்தது. வயரிங்கில் எர்த்தும் இல்லை, ஷாக் அடித்தால் கரண்டைத் துண்டிக்கிற ஈ.எல்.சி.பி.யும் இல்லை.

பொன்னுச்சாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, ஊடு பாக்க வந்தீங்களா, குத்தம் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க," என்றேன்.

2. பேரம்

மாடு இல்லாத தொழுவத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். என் வழக்கம் இதுதான். கண்ட குறைகளையெல்லாம் அடுக்கினால் விற்கிறவர் எழுந்து போய்விடுவார். ஆளைக் கொல்லக்கூடியது, விட்டால் பெருகக்கூடியது, பார்க்க மட்டும் நன்றாக இல்லாதது என்று பிரித்துக்கொள்வேன். முதல் இரண்டையும் விடமாட்டேன். மூன்றாவதைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பேன். விட்டுக்கொடுப்பதை அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

"தரையில டைல்ஸ் ஒடஞ்சிருக்குது, கதவு தூக்கித் தொறக்கோணும், அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க. வயரிங், சன்ஷேடு, அடுக்களைத் தளம், இது மட்டும் நீங்க செஞ்சு குடுத்துருங்க."

"பழைய ஊடு பழசாத்தான் இருக்கும். இஷ்டம்னா எடுங்க. இல்லீன்னா உடுங்க."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் நோட்டில் குறைகளை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பொன்னுச்சாமியின் மனைவி ருக்குமணி மோர் கொண்டுவந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அடுக்களை ஒழுவுதுன்னு எழுதீட்டீங்களா?"

"எழுதீட்டனுங்க."

"நல்லாப் பெருசா எழுதுங்க. மழை வந்தா தலையில சாக்கப் போட்டுட்டுத்தான் நான் சோறாக்கறனுங்க. சொன்னா இவீங்களுக்குக் காதுல ஏறாது. ஒரு எஞ்சினியரம்மா வந்து சொல்ல வேண்டியிருக்குது."

"ருக்கு, நீ உள்ள போ," என்றார் பொன்னுச்சாமி.

"போறனுங்க. அந்தப் பாத்திரம் கழுவற தொட்டியையும் ஒசரமா வெக்கச் சொல்லிப்போட்டுப் போறன். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு."

என் கட்சியில் அப்படியொரு ஆள் கிடைப்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பொன்னுச்சாமி மோரைக் குடித்தார். மீசையைத் துடைத்தார். பிறகு, "செரி, செஞ்சு தொலைக்கறன்," என்றார். ரிப்பேர் முடிந்த பிறகுதான் ரிஜிஸ்ட்ரேஷன் என்று கரார், அதாவது ஒப்பந்தம், எழுதினோம். தொட்டியையும் சேர்த்தோம்.

விற்றுவிட்டுப் போகிற அம்மாவுக்குத் தொட்டி எந்த உயரத்தில் இருந்தால் என்ன என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பேரம் முடிந்த சந்தோஷத்தில் ஸ்கூட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் திரும்பினேன்.

3. வேலை நன்றாக முடிந்த கஷ்டம்

வேலை அருமையாக நடந்தது. காரணம் ருக்குமணி. மேஸ்திரி தளத்தைக் கொத்தி, வாட்டம் கொடுத்து, வாட்டர் ப்ரூஃபிங் செய்து முடிக்கும்வரை அந்தம்மா அவரை நகர விடவில்லை. தளத்தின் மேல் தண்ணீரைத் தேக்கிச் சோதிக்க நான் சொன்னபோது, கீழே அடுக்களையில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு சொட்டு இறங்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் செல்வியின் போன்.

நான் போனபோது ருக்குமணி அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். செல்வி நைட் டூட்டி முடித்து யூனிபார்மோடு நேராக வந்திருந்தாள். பொன்னுச்சாமி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"கல்யாணமாயி வந்ததுல இருந்து இன்னைக்குத்தானுங்க இது அடுக்களையாட்ட இருக்குது," என்றார் ருக்குமணி. "இப்ப உட்டுப்போட்டுப் போன்னா எப்படீங்க போறது?"

"கரார் எழுதியாச்சு ருக்கு!"

"கையெழுத்துப் போட்டது நீங்க. நீங்க போங்க."

செல்வி என்னைத் தனியே அழைத்துப் போனாள். "அம்மை அங்கன மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாக மேடம். கேஸ் போட முடியுமா?"

"போடலாம். ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். அதுவரைக்கும் அப்பாவும் அம்மாவும் எங்க இருப்பாங்க?"

ரிப்பேருக்கு ஒற்றைக் காலில் நின்றதே நான்தானே. ருக்குமணிக்குப் பக்கத்தில் போய்ப் படியிலேயே உட்கார்ந்தேன். என்ன கேட்பதென்று தெரியாமல்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"போற எடத்துல அடுக்களை எப்படீங்க இருக்குது?"

ருக்குமணி சொன்னார். "அங்க எனக்கு அடுக்களையே இல்லீங்க. மாடியில ஒரு ரூம்பு. ஒரு வாய் காப்பி வேணும்னாலும் கீழ எறங்கி மருமக அடுக்களைக்குப் போகோணும். அந்தப் படிக்கட்டுல கைப்பிடி கூட இல்லீங்க. இவீங்க முழங்காலுக்கு எறங்குனா ஏற முடியாது."

பொன்னுச்சாமி நடப்பதை நிறுத்தினார். "இதை நீ சொல்லவே இல்லியே?"

"கேட்டீங்களா?"

நான் எழுந்தேன். "வாங்க, அந்த ஊட்டையும் பாத்துரலாம்."

4. செக்போஸ்டுக்கு அப்பால்

வாடகைக் காரில் நாலு பேரும் மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் பொள்ளாச்சி போனோம். வீடு வாங்குகிறவள், விற்கிறவர்கள், இன்ஸ்பெக்ஷன்காரி எல்லோரும் சேர்ந்து, விற்பனைக்கே வராத ஒரு வீட்டைப் பரிசோதிக்கப் போனது என் அனுபவத்தில் அந்த ஒருமுறைதான்.

மகன் கார்த்தி தேங்காய் மண்டி வைத்திருக்கிறான். மருமகள் ரம்யா ஸ்கூல் டீச்சர். அன்று லீவு நாள், வீட்டில் இருந்தாள். மாடி ரூமைப் பார்த்தேன். ரூமில் குற்றமில்லை. வெளிப்படிக்கட்டுதான் மோசம். ஒரு படி உயரம், அடுத்தது தாழ்வு, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பின்பக்கம் கூரையோடு ஒரு பால்கனி சும்மா கிடந்தது. தண்ணீர் பைப் அதை ஒட்டியே போனது.

"படியைச் சமமாக்கிக் கைப்பிடி வெக்கோணும் தம்பி. பால்கனியை அடைச்சா ஒரு சின்ன அடுக்களை ஆயிரும்."

கார்த்திக்கு மனம் வரவில்லை. "எதுக்கு மேடம் தனி அடுக்களை? எங்ககூடவே சாப்புடட்டும்னுதானே கூப்புடறன். பெத்தவங்களைத் தனியா பொங்க வெச்சுட்டான்னு ஊருல பேசுவாங்கொ."

அவன் சொன்னதிலும் பாசம் இருந்தது. ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் பேச்சு முறிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

ரம்யாதான் பேசினாள். "ஏனுங்க, அத்தை கேக்கறதுதான் செரி. அவங்க பக்குவம் வேற, என்ற பக்குவம் வேற. ஒரே அடுக்களையில நாங்க ரெண்டு பேரும் நின்னா, நீங்களும் மாமாவும் பட்டினிதான்."

முதலில் சிரித்தது ருக்குமணி. அப்புறம் பொன்னுச்சாமி. கார்த்தி மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

அதற்குப் பிறகு நடந்தது சாதாரணப் பேரம். அதே மேஸ்திரியை அனுப்பினோம். பாதிச் செலவு மகன், பாதி அப்பா. புது அடுக்களைத் தொட்டியின் உயரத்தை ருக்குமணியே கையால் காட்டினார். செல்வியின் அப்பா எஸ்டேட் மேனேஜரிடம் கெஞ்சிக் கொஞ்சம் அவகாசம் வாங்கினார். அந்த அவகாசம் தீர்வதற்குள் ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்தது. ஆபீஸ் வாசலில் ருக்குமணி செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த ஜன்னலைத் திறந்தால் அடுக்களைக்குக் காற்று வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். சாவி அதன் பிறகுதான் கைமாறியது.

5. நான் கற்றது

எந்தத் தளத்துக்கு எந்த மருந்து என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். பேரத்தில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதும் நாலு வீடு பார்த்தால் கைவந்துவிடும். ஆனால் நான் நெடுநாள் வாங்குகிறவரின் கண்ணால் மட்டுமே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்கிறவரும் ஒரு வீட்டுக்குத்தான் குடிபோகிறார். அந்த வீடு அவருக்குச் சரியில்லை என்றால், இந்த வீட்டில் நாம் போடுகிற ஒவ்வொரு ஆணிக்கும் அவர் தகராறு செய்வார். பிடிவாதம், பேராசை என்று நாம் பெயர் வைப்போம்.

அதனால் இப்போதெல்லாம் சுத்தியலை எடுக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன். "இதை வித்துப்போட்டு எங்கீங்க போறீங்க?"

சிலர் உனக்கெதுக்கு என்கிறார்கள். பலபேர் உட்காரச் சொல்லி, காப்பி வைக்கிறார்கள்.